பிஸ்டலுக்குப் போட்ட எண்ணெய்

இஞ்சாருங்கோ, கடையின் பின்பக்க நடையில் நீங்கள் சுவரோடு இறுக்கிப் பூட்டி வைத்த இரும்புப் பெட்டியை இன்று காலை திறந்தேன். நீங்கள் போனபிறகு வருகிற முதல் குளிர்காலம் இது. உங்கள் பிஸ்டலுக்குப் போட்ட துவக்கு எண்ணெய் மணக்கப் போகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் மூடியைத் தூக்கினேன். வந்ததோ என் தலைமயிரின் மணம். தேங்காயெண்ணெய். முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. விளங்கிய நேரம் தொட்டு ஓரிடத்தில் நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இடியப்பத் தட்டுகளை அடுப்பில் ஏற்றிவிட்டு மறந்துபோய், பானையில் தண்ணீர் வற்றி அடி கருகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பானை கருக்கினதை நீங்கள் கண்டதுண்டோ?

பெட்டியைத் திறக்க வைத்தது மகன் நிருசன். எங்கள் கடைக்கு எதிரே போன் கடை வைத்திருக்கிற பெடியனை, வங்கிக்குப் போகிற வழியில் யாரோ தள்ளி விழுத்திக் காசுப் பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். தோள்மூட்டு விலகி இன்னும் கையைக் கட்டிக்கொண்டு திரிகிறான். அன்றைக்கே நிருசன் பிஸ்டல் கொண்டு திரிய அனுமதி கேட்டுப் பொலிசில் அன்ட்ராக் போட்டான். அனுமதியும் வந்துவிட்டது. உங்களுக்குப் பிறகு கடைக் காசை வங்கிக்குக் கொண்டுபோவது அவன்தானே. "அம்மா, அப்பான்ர பிஸ்டலை எனக்குத் தாங்கோ" என்று கேட்டான். இன்று பின்னேரம் சொல்கிறேன் என்று தவணை வாங்கி வைத்திருக்கிறேன்.

கள்ளனை நினைத்து எனக்குப் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இவனுடைய கையை நினைத்து. உங்களுக்குப் பயம் வந்தால் கால் நடுங்கும். இவனுக்குப் பயம் வந்தால் கை முந்தும். சின்னனிலேயே அப்படித்தான். அந்தக் கையில் அதைக் கொடுப்பதா, கொடுக்காமல் விட்டு வெறுங்கையோடு இருட்டுக்குள் அனுப்புவதா? யாரிடம் கேட்பேன்? கேட்க வேண்டிய மனிசன் நீங்கள்தான், நீங்களோ ஒரு சொல்லும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

உங்களையும் அப்படித்தான் முதலில் தள்ளி விழுத்தினார்கள். ஜெர்மனிக்கு வந்து, இந்தக் கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் கடை தொடங்கிய புதிசு. டிராம் நிற்கிற முடக்கில், பின்னாலிருந்து. நெற்றிக் காயம் கெதியில் ஆறிவிட்டது. முதுகுதான் ஆறவில்லை. அதற்குப் பிறகு உங்களுக்குப் பின்னால் ஒருவரும் நடந்து வரக்கூடாது. சாமான் வாங்கப் போன இடத்தில் வரிசையில் நின்றாலும் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பீர்கள். வீட்டில் நான் பின்னால் வந்தாலே துள்ளி எழும்புவீர்கள். உங்களுக்கு ஒரு தேத்தண்ணி தரவும் நான் மணி அடித்துக்கொண்டு வரவேண்டுமோ என்று ஒருநாள் ஏசினேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு பிஸ்டல் வேணுமப்பா" என்றீர்கள்.

நான் ஆடின ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடிவந்த சனம், இங்கே வந்து இடுப்பில் துவக்குச் செருகுகிறதோ என்று கேட்டேன். நீங்கள் பொறுமையாக விளங்கப்படுத்தினீர்கள். குண்டு போடுகிற துவக்கை இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் மடியில் கொண்டு திரிய ஏலாது. பொலிஸ் தருகிற சின்ன அனுமதியோடு கொண்டு போகக்கூடியது சத்தமும் கண்ணெரிகிற வாயுவும் மட்டும் வருகிற பிஸ்டல். ஆனால் முகத்துக்குக் கிட்ட வைத்து விசையை அமத்தினால் கண் போய்விடும் என்பதையும் நீங்களே சொன்னீர்கள்.

பிறகு தொடங்கியது பிஸ்டல் பார்க்கும் படலம். மகனுக்குப் பெண் பார்த்தபோதுகூட நீங்கள் அவ்வளவு கேள்வி கேட்கவில்லை. "நம்பிப் பிடிக்கக்கூடியதா இருக்கவேணும்" என்பதுதான் உங்கள் வாயில் எந்நேரமும். பிரச்சினை எங்கள் கடைக் குசினி. விடியத் தொடங்கினால் பின்னேரம் வரை இடியப்பம் அவிகிறது. யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், உப்புப் பக்கற் கட்டிபடும், புதுக் கத்தரிக்கோல் ஒரு கிழமையில் கறள் பிடிக்கும். வெளியில் ஜெர்மனி, குசினிக்குள் ஐப்பசி மாரி. அந்தப் புழுக்கத்துக்குள் நாள் முழுக்க வேர்வை வழிய நிற்கிற மனிசனின் இடுப்பில், சட்டைக்கு வெளியே தெரியாமல், கறள் பிடிக்காமல், வேண்டிய நேரத்தில் வேலை செய்கிற சாமான் வேண்டுமாம்.

ஆயுதக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். உங்கள் டொச் மொழி உப்புப் புளி வாங்க மட்டும்தான் காணும். அந்தக் கடைக்காரி வெள்ளைத் தலைமயிர்க்காரி, மூக்கு நுனியில் கண்ணாடி. நீராவி எப்படிப்பட்டதென்று அவளுக்கு விளங்கப்படுத்த, சுடச்சுட இடியப்பப் பார்சல் ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் பிரித்து வைத்தீர்களே! எனக்கு வெட்கத்தில் தலையைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. அவளோ ஒரு இடியப்பத்தைச் சம்பலில் தொட்டு வாயில் போட்டுவிட்டு, மற்றக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ரிவால்வர் நல்லது, ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் மறுபடி அமத்தினால் அடுத்தது வரும், ஆனால் வயிற்றுப் பக்கம் புடைத்துத் தெரியும். சின்னப் பிஸ்டல் தட்டையானது, மறைக்கலாம். கறுப்புப் பூச்சைவிட வெள்ளிபோல் மினுங்குகிற நிக்கல் பூச்சு ஈரத்துக்குத் தாங்கும். தோல் உறை வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் உறைதான் சரி. வெளியே மினுங்கினாலும் உள்ளே இருக்கிற சுருளும் ஊசியும் கறள் பிடிக்கும், அதனால் துடைத்துத் துவக்கு எண்ணெய் ஒரு சொட்டுப் போடவேண்டும். தோட்டாவும் ஈரத்தில் பழுதாகும், இடைக்கிடை மாற்றவேண்டும். நான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டினீர்கள். கடைசியில் நிக்கல் பூசின தட்டைப் பிஸ்டலை எடுத்தீர்கள். கரண்டிபோல மினுங்கியது.

வீட்டு ஹோலில் ஸ்வெட்டருக்குள் அதைச் செருகிக்கொண்டு மேலும் கீழும் நடந்து, தெரியுதோ தெரியுதோ என்று கேட்டீர்கள். வண்டி வயிறுதான் தெரியுது என்றேன். அன்றைக்குத்தான் கனநாளுக்குப் பிறகு சிரித்தீர்கள்.

அவ்வளவு பார்த்து வாங்கியும் அந்த மாரியே முதல் கறள் வந்துவிட்டது, உள்ளே ஒரு புள்ளி. உங்களுக்கு நித்திரை போய்விட்டது. இடுப்பு வேண்டாம், நீராவியும் வேண்டாம் என்று, சூடும் ஆவியும் வராத பின்பக்க நடையில் பெட்டியைப் பூட்டினீர்கள். வங்கிக்குப் போகும்போது மட்டும் எடுத்து ஜக்கெட்டின் உட்பையில் வைப்பீர்கள். அந்தப் பையைத் தைத்துத் தந்தவர் பக்கத்துத் தையல் கடைத் துருக்கிக்காரர் மெஹ்மெட். பெரிய போனுக்கு என்று அவரிடம் பொய் சொன்னீர்கள். கறளுக்கு நீங்கள் செய்த வைத்தியம், முகம் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே இருக்கிற என் தேங்காயெண்ணெய்ப் போத்தல். கத்தரிக்கோல், கதவுப் பிணைச்சல், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் அதுதானே மருந்து. கடைக்காரி சொன்ன எண்ணெய் வாங்கேல்லையோ என்று கேட்டதற்கு, எண்ணெய் எண்ணெய்தானே என்றீர்கள்.

உந்தப் பிஸ்டலை ஏன் காவிக்கொண்டு திரிகிறீர்கள் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒரேயொரு மறுமொழிதான். "கைக்கு ஒண்டு வேணும். சும்மா இருக்கிற கைதான் நடுங்கும்." கோடையில் பிந்தியும் வெளிச்சம் என்பதால் கொண்டு போகமாட்டீர்கள். ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேருக்கும் கொண்டு போக ஏலாது, சனம் கூடுகிற இடத்தில் சட்டம் விடாது. வேட்டியும் வெறும் மேலுமாக வடம் பிடித்து நிற்கிறபோதும் உங்கள் கை அடிக்கடி இல்லாத பையைத் தடவும். அம்பாளுக்கு முன்னாலும் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

பிறகு அந்த மார்கழி. நாலரைக்கே இருட்டி, கால் விரல் விறைக்கிற குளிர். வங்கிக்குப் போன கையோடு திரும்பி வந்து, ஜக்கெட்டையும் கழற்றாமல் அரிசி மூட்டையில் இருந்தீர்கள். 

"மெஹ்மெட்டுக்கு அமத்திப்போட்டன்" என்றீர்கள்.

கடைக் கதவின் பூட்டிலேயே திறப்புக் கோர்வையைத் தொங்கவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதைத் தரத்தான் அந்த மனிசன் பின்னால் ஓடிவந்து தோளில் கை வைத்திருக்கிறார். நீங்கள் திரும்பின திருப்பத்திலேயே பிஸ்டல் அவருடைய முகத்துக்கு நேரே. விசையை அமத்தியும் ஆயிற்று.

"வெடிக்கேல்லை" என்றீர்கள். "நான் அமத்தினன். அது வெடிக்கேல்லை."

மெஹ்மெட் கண்டாரோ என்று கேட்டேன். இருட்டு, காணவில்லை, திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டார் என்றீர்கள். நான் அம்பாளைக் கும்பிட்டேன். நீங்கள் உங்கள் கையையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

அடுத்த நாள் இருவரும் அதே கடைக்காரியிடம் போனோம். கழற்றி, ஊசி முனையால் உள்ளேயிருந்து வெள்ளையாக எதையோ கிண்டி எடுத்தாள். மணந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய் என்று நான் சொன்னதும் சிரிக்கத் தொடங்கியவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்குச் சிரித்தாள். குளிரில் அது மெழுகுபோல உறைந்து உள் ஊசியை நகரவிடாமல் பிடித்திருக்கிறதாம். உங்கள் நாட்டுக்குச் சரி, எங்கள் குளிருக்குச் சரிவராது என்று, ஒரு சின்னப் போத்தல் துவக்கு எண்ணெயை எடுத்துத் தந்தாள். நீங்கள் வாங்கிப் பையில் போட்டீர்கள்.  நான் அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

இன்று பெட்டிக்குள் அந்தப் போத்தல் கிடக்கிறது. மூடியின் முத்திரை உடைக்கவில்லை. பக்கத்தில் பிஸ்டல், கறள் ஒரு பொட்டும் இல்லாமல், உள்ளே வெள்ளையாக உறைந்த எண்ணெயோடு.

அப்படியென்றால் அத்தனை குளிர்காலமும் தெரிந்துகொண்டுதான் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு விசரோ? உண்மையாகவே ஒரு கள்ளன் வந்திருந்தால் வெடிக்காத இரும்பை நீட்டிக்கொண்டு நின்றிருப்பீர்களே! நீங்கள் வரும்வரை நான் கடைக்கும் வாசலுக்குமாக நடப்பேன், கையில் அது இருக்கிறதென்று ஒரு ஆறுதலோடு நடப்பேன். அந்த ஆறுதலையும் ஏமாற்றிவிட்டீர்களே என்று காலையில் பெட்டிக்கு முன்னால் நின்று வாய்விட்டு ஏசினேன். ஏசி முடிந்தபிறகு அழுகை வந்துவிட்டது. நம்பிப் பிடிக்கக்கூடிய பிஸ்டலைத் தேடித் தேடி எடுத்த மனிசன், தன் கையை நம்பவில்லை. அதை என்னிடமும் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இன்றுதான் பிடிபட்டது. மெஹ்மெட் எங்கள் கடைக்கு வரும்போது ஏன் தெருவில் நின்றே அயலவரே, அயலவரே என்று தன் மொழியில் கத்திக்கொண்டு வருகிறார் என்று எனக்கு விளங்கியதில்லை. காது கொஞ்சம் மந்தமாக்கும் என்று நினைத்தேன். அந்த மார்கழிக்குப் பிறகு அவர் உங்கள் முதுகுப் பக்கமாக வந்ததேயில்லை. உங்கள் பிள்ளையையும் தூரத்தில் நின்றுதான் கூப்பிடுகிறார். அன்றைக்கு இருட்டில் அவர் எல்லாம் கண்டிருக்கிறார். கண்டும் வெள்ளிக்கிழமைகளில் எங்களிடம் இடியப்பம் வாங்குவதை நிறுத்தவில்லை, உங்கள் செத்தவீட்டில் முன்வரிசையில் நின்று அழுதார்.

பின்னேரம் நிருசன் வந்தான். மேசையில் பிஸ்டலையும் அந்தப் போத்தலையும் வைத்தேன்.

"இது வேலை செய்யுமோ அம்மா?"

"கோடையில செய்யும்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். இருத்தி வைத்து எல்லாம் சொன்னேன், உங்கள் தோளில் மெஹ்மெட் வைத்த கையிலிருந்து கடைக்காரியின் சிரிப்பு வரை. கேட்கக் கேட்க முகம் மாறியது. அப்பாவுக்கு அது வெடிக்காதென்று தெரியுமோ என்று கேட்டான். தெரியும் என்றேன். அப்ப ஏன் கொண்டு போனவர் என்று கேட்டான். சும்மா இருக்கிற கைதான் நடுங்கும் என்ற உங்கள் கதையைச் சொன்னேன். பிறகு போத்தலை அவன் பக்கம் தள்ளினேன். இந்த எண்ணெயைப் போட்டால் எந்தக் குளிரிலும் வெடிக்கும், உன்ர விருப்பம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். அதைச் சொல்லி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு நடைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தால் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, போயிட்டு வாறன் அம்மா என்று புறப்பட்டான். உங்கள் பழைய ஜக்கெட்தான். நான் கடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். ஆர் வந்து எதைக் கேட்டார்களோ தெரியாது, புளிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கொடுத்திருக்கிறேன். தெருவில் மெஹ்மெட்டின் குரல் உரத்துக் கேட்டபோது வாசலுக்கு ஓடினேன். பார்த்தால் நிருசனும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் கதைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நிருசன் பிஸ்டலைப் பெட்டியில் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனபிறகு நான் போய்த் திறந்தேன். மணந்து பார்த்தேன். துவக்கு எண்ணெய்ப் போத்தலின் முத்திரை அப்படியே இருந்தது. நடையின் யன்னல் கட்டில், மூடி சரியாகத் திருகாமல், கண்ணாடிக்குக் கீழே இருந்த என் தேங்காயெண்ணெய்ப் போத்தல்.

கடைக்காரி தந்த அந்தப் போத்தலை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போது திறப்புக் கோர்வையோடு முட்டிச் சத்தம் போடுகிறது. அவன் கேட்டால் கொடுப்பேன். இன்னும் கேட்கவில்லை.