கொட்டகையில் நிற்கும் கார்

1946 பிப்ரவரி 4, புளியஞ்சோலை

வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அடியில் டங்கென்று சத்தம். கீழே படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்தைச் சுற்ற வைக்கிற நீளத் தண்டின் ஜாயிண்டு தேய்ந்து ஆடுகிறது. திருச்சியில் கேட்டாயிற்று, சண்டை முடிந்தும் சாமான் வரவில்லை. முதுகு வலி. படுக்கிறேன்.

பிப்ரவரி 7

உடம்பு முடியவில்லை.

பிப்ரவரி 8

பெரியப்பா மகள் காளியாத்தாள் அக்கா வீட்டுக் கொட்டகையில் இதே மாதிரிக் கார் நிற்கிறது. அவங்க மகன் மாணிக்கம் பட்டாளத்துக்குப் போகும்போது தார்ப்பாய் போட்டு மூடியது. பர்மாவில் காணவில்லை என்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. அந்தக் கார் ஜாயிண்டை அக்காவிடம் கேட்டேன்.

"அவன் வந்தா எதை ஓட்டுவான், கண்ணு?"

திரும்பி வந்துவிட்டேன். கேட்டிருக்கவே கூடாதோ?

பிப்ரவரி 11

மலைமேல் வளப்பூர் நாட்டு ஊரிலிருந்து பெருமாயியைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பிரசவ வலி. "ஏனுங்க, துறையூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்க" என்று அவள் புருஷன் சின்னக்கண்ணு கும்பிட்டு நின்றான். எடுத்தேன். ஊர் எல்லையிலேயே ஜாயிண்டு முறிந்து, தண்டு தரையில் இழுபட்டது. மாட்டு வண்டியில்தான் அனுப்பினோம்.

தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை.

என்னத்தை எழுத—

பிப்ரவரி 13

அக்காவே வந்தாங்க. "அந்தப் புள்ளை சேதி கேட்டேன். கழட்டிக்க, கண்ணு." நான் தார்ப்பாயை விலக்கியபோது அவங்க கொட்டகைப் பக்கமே வரவில்லை.

பிப்ரவரி 14

சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி போட்டு, முறிந்ததைத் தட்டி எடுத்தேன். துரு பொடியாகக் கொட்டியது. மாணிக்கம் வண்டி ஜாயிண்டில் கிரீஸ் இன்னும் பசை விடவில்லை. அப்படிப் பார்த்து வைத்திருக்கிறான். மாட்டும்போது உள்ளிருக்கும் ஊசி மாதிரி மெல்லிய உருளை ஒன்று மணலில் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரி பழனாயிதான் சல்லடையால் சலித்துக் கண்டுபிடித்தாள்.

"இத்துனூண்டுக்கா இந்தப் பாடுங்க?" என்றாள்.

இத்துனூண்டுக்குத்தான்.

ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது. சந்தோஷம்தான் வரவில்லை.

பிப்ரவரி 19

மலையிலிருந்து வந்த காய்ச்சல்காரரைத் துறையூரில் சேர்த்தேன். பிழைத்துக்கொள்வாராம்.

பிப்ரவரி 20

வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாங்க.

"துறையூர்ல ஐயரைப் பாக்கோணும், கண்ணு. செத்த நாள் தெரியாதவனுக்குத் திதி என்னிக்குக் குடுக்கறதுன்னு கேக்கோணும். கூட்டிட்டுப் போறியா?"

ஈரத் துணியைப் பிழிந்து வாளியில் போட்டேன்.

"காலையிலயே போலாம், அக்கா."