கெர்னலுக்குள் நீ வைத்துவிட்டுப் போனது

மாப்ள,

இன்று காலை பழுதுபார்க்க வந்த ஒரு பழைய கணினியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எலி மூத்திர வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டேன். எலியால் மட்டுமில்லை. அந்த வாடை வந்தாலே நம் கம்ப்யூட்டர் கடை முதலாளியின் முகமும் கூடவே வந்துவிடுகிறது.

சமயநல்லூர் பக்கத்து நூற்பாலையில் நீயும் நானும் திறந்த சர்வரிலும் இதே நாற்றம், பஞ்சுத் தூசி வேறு. ஆலையின் டெர்மினல் திரைகளை இணைக்கும் கார்டை லினக்ஸ் இயங்குதளம் கண்டுகொள்ளவே இல்லை. நீ பொறுமையாக அதன் மையமான கெர்னலின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை வைத்து, வேண்டாததை நீக்கி, கம்பைல் செய்து ஓடவைத்தாய். "செட்டிங்ஸ் எல்லாம் கெர்னலுக்குள்ளயே கெடக்கட்டும் மாப்ள. ஃபைலு தொலைஞ்சாலும் ஓடுற மிஷின்ல இருந்து எடுத்துக்கிரலாம்" என்றாய்.

உனக்குச் சிறுநீரகம் பழுதானதும் முதலாளி உன்னை நிறுத்தினார். "சீக்காளிய வச்சு நான் என்ன செய்ய?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நீ படியிறங்கியதும் அவரே உட்கார்ந்து உன் கோப்புகளை அழித்தார். குப்பையாம்.

நீ போய்ச்சேர்ந்த அன்று உன் அம்மா சௌராஷ்டிர மொழியில் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது உன் பெயர் மட்டும்தான். முதலாளி மாலையை வைத்த கையோடு, பாக்கை மென்றபடியே, என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏப்பா, மில்லுக்குப் புது சர்வர் வருது. அந்தக் கார்டு செட்டிங்ஸ எங்க வச்சிருக்கான்னு உன்ட்ட சொன்னானா?"

"தூக்கப் போறாங்கண்ணே."

"சரி சரி, தூக்குறதுக்குள்ள சொல்லு."

அவர் நின்ற இடத்தில் நிற்கக்கூட எனக்குக் கூசியது.

ஆலைக்காரர்களுக்காகப் போனேன். பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நீ சொன்ன இடத்தில், /proc/config.gz என்ற கோப்பாக, எல்லாம் அப்படியே இருந்தது. அவர் கை எட்டாத இடம். அதைப் பிரித்து, புதுக் கெர்னலின் மூலக்கோப்புகளோடு .config என்று வைத்து, make oldconfig என்ற கட்டளையைக் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்தவற்றைப் பற்றி மட்டும் கேட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் உன் பதிலையே எடுத்துக்கொண்டது. கம்பைல் செய்து புது சர்வரில் ஏற்றியதும் டெர்மினல்கள் ஒவ்வொன்றாக விழித்தன.

"நானே உக்காந்து பண்ணுனேன் சார்" என்றார் முதலாளி, ஆலை மேலாளரிடம்.

"இல்ல சார். இவரு வெரட்டிவிட்ட என் பிரண்டு பண்ணுனது. அவன் செத்துப்போயிட்டான்."

முதலாளி சிரித்தார். "பய கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவான் சார்." அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. அன்றே வேலையை விட்டேன்.

இன்றைக்கும் எந்தக் கெர்னலைக் கம்பைல் செய்தாலும் உன் அமைப்புகளிலிருந்துதான் தொடங்குகிறேன். பதிப்பு எண்ணின் வாலில் உன் பெயரைச் சேர்த்துவிடுவேன். போன மாதம் கோச்சடை ஆஸ்பத்திரியில் கணினி பார்க்கும் அம்மா திரையில் அந்தப் பதிப்பு எண்ணைக் காட்டிக் கேட்டார்.

"இது யாரு பேருண்ணே?"

"செஞ்சவன் பேரும்மா" என்றேன்.