பின்னால் வருகிறவன்

சனிக்கிழமை. மேல்கோட்டைக்குக் கீழே, கூடாரத்தில்.

வழிகாட்டி என்று பெயர். நான் வருவதோ எப்போதும் கடைசி ஆளுக்குப் பின்னால். மைசூரிலிருந்து சைக்கிளில் கிளம்பிய பதினொரு பேரில் இன்றைய கடைசி ஆள் அந்தக் கோயம்புத்தூர் பெரியவர்.

டீக்கடையில் கன்னடமும் குழுவிடம் இங்கிலீஷும் நான் பேசியதால் என்னைக் கன்னடக்காரன் என்றே நினைத்துவிட்டார். மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, என் காதுபட மனைவியோடு போனில் பேசினார்.

"முட்டி வீங்கிப் போச்சு சாந்தா. இவங்கிட்டச் சொல்லல. சொன்னா சாமான் வேன்ல ஏத்தி உட்ருவான். எல்லாரும் முன்னால போயிட்டாங்க, இவன் ஒருத்தன்தான் கூட வர்றான். நல்ல பையன். தமிழ் மட்டும் தெரிஞ்சிருந்தா பேச்சுத் துணைக்காவது ஆயிருக்கும்."

"தெரியுங்க சார், நான் கொள்ளேகால் தமிழன்தான்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஒட்டுக்கேட்டவன் மாதிரி ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். மடையன்.

சாப்பிட்டதும் மற்றவர்கள் நெருப்பைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பாறையில், நான் ஒரு பாறையில். "குட் நைட்" என்றார். "குட் நைட் சார்" என்றேன். அவ்வளவுதான்.

காலையில் பாறைப் பாதையில் ஏற்றம் இருக்கிறது. அந்த முட்டியோடு அவரை விட முடியாது.

மைசூரில் தனி அறைக்கு வந்த பிறகு நான் தமிழ் பேசுவது இந்த நோட்டோடு மட்டும்தான். நாளை ஒரு மனிதரிடம் பேசப்போகிறேன். முதல் வார்த்தையே இதுதான்: "வேன்ல ஏறிக்குங்க சார்."