மழையில் மூடிய வால்வு

பூஞ்சேரி
12-8-2007

அன்புள்ள மருமகள் விஜயகுமாரிக்கு, மாமனார் கோதண்டராமன் எழுதுவது. நானும் உன் அத்தை பூவாயியும் சுகம். சிங்கப்பெருமாள் கோயிலில் நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருக்க மலைமேல் இருக்கிற வேதகிரீஸ்வரரை வேண்டுகிறேன். கம்பெனியில் நைட் ஷிப்டு மாற்றிக் கொடுத்தார்களா? பஸ்ஸில் தூங்கி வழியாதே.

போனைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் முடிகிற சேதிதான். ஆனால் போனில் எனக்குப் பொய் சரளமாக வருகிறது. ரெண்டு மாசமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அதனால்தான் எட்டாம் வகுப்பு எழுத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தைக்கு அம்மை வார்த்திருக்கிறது, இந்த மாசம் வராதே என்று ஜூலையில் சொன்னேனே, அது பொய். ஜூனில் நாங்கள் ஊரில் இல்லை என்றதும் பொய். அம்மன் பேரைச் சொல்லிப் பொய் பேசின வாய் வெந்துபோகும் என்று உன் அத்தை ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. ஆடிக்குக் கூழ் ஊற்றி எனக்காக அவளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

உன் எலுமிச்சை செத்துப்போய்விட்டது, அம்மா. ஆனி மாசமே போய்விட்டது. நான்தான் கொன்றேன்.

கல்யாணமாகி வந்த அன்று உன் பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று அது. நம் கிணறு உப்புத் தண்ணீர், எலுமிச்சைக்கு ஆகாது என்று நான் அன்றைக்கே சொன்னேன். கார்த்தி கேட்டானா? ஊர் ஊராகப் போய் அடுத்தவன் நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் போடுகிறவன், பெண்டாட்டி செடிக்குப் போடமாட்டானா? மாடியில் தொட்டி வைத்தான், வடிகட்டி மாட்டினான், கறுப்பு டியூப்பை இழுத்துச் செடியைச் சுற்றி, சொட்டுச் சொட்டாக விடுகிற டிரிப்பர் நாலு குத்தினான். நீ டியூப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒரு சொம்புத் தண்ணி ஊத்தறதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு என்று நான் கேலி பண்ணினேன். செடி பிழைத்துக் காய்த்து என் வாயை அடைத்தது.

அவன் வைத்தது ஒரே ஒரு சட்டம். இன்னும் காதில் கேட்கிறது. "நைனா, மழை பெஞ்சாலும் வால்வை மூடாத. உப்பெல்லாம் ஈரத்தோட ஓரத்துல போய் குந்திக்கினு கீது. சொட்டறது நின்னா, தூறல் அத்த வேருக்கு இஸ்துக்கினு வந்துடும்."

நாற்பது வருஷம் வேர்க்கடலை போட்டவன் நான். மழையில் தண்ணீர் பாய்ச்சுகிறவனை எந்த ஊரிலும் பார்த்ததில்லை. அவன் இருந்தவரைக்கும் நான் மூடுவேன், அவன் திறப்பான், உனக்குத்தான் தெரியுமே எங்கள் சண்டை. ஈ.சி.ஆரில் அந்த லாரி அவனை அடித்துப் போட்ட பிறகு நான் ஒரு தடவைகூட மூடவில்லை. குடை பிடித்துக்கொண்டு போய்ச் சொட்டுகிறதா என்று குனிந்து பார்ப்பேன். உயிரோடு இருந்தபோது விட்டுக்கொடுக்காததைச் செத்த பிறகு விட்டுக்கொடுத்தேன்.

வைகாசிக் கடைசியில் ரெண்டு நாள் சாயங்காலம் தூறல் போட்டது. பக்கத்து வீட்டுச் செங்கல்வராயன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இன்னா அண்ணாத்த, மழையில தண்ணி வுட்டுகினு கீற, புள்ள போன துக்கத்துல புத்தி பேதலிச்சுப் போச்சா என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்குத்தான் மானமே போன மாதிரி ஆகிவிட்டது. அவன் பார்க்கவே வால்வை மூடினேன். அவன் உள்ளே போனதும் திறந்திருக்கலாம். மண்தான் ஈரமாக இருக்கிறதே என்று பழைய புத்தி பத்து நாள் சும்மா இருக்க வைத்தது. இலை ஓரம் கருகி, அப்புறம் மொத்தமாகக் கொட்டிவிட்டது. நல்ல தண்ணீர் கொண்டுவந்து குடம் குடமாக ஊற்றினேன். துளிர்க்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீ வருவது அந்தச் செடியைப் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செடி இல்லையென்றால் எங்கள் ரெண்டு பேரையும் பார்க்க எதற்கு வருவாய்? பயந்துவிட்டேன் அம்மா, வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை உன் அப்பா வந்திருந்தார். செங்கல்பட்டில் கோபாலகிருஷ்ணன் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், உன்னைப் பெண் கேட்டு ஆறு மாசமாக உன் பதிலுக்குக் காத்திருக்கிறாராம். நீயோ, என் செடி அங்க கீது, அத்த வுட்டுட்டு எப்படிப் போவேன் என்று சொல்லிவிட்டாயாம். செடி எப்படி இருக்கிறது சம்பந்தி என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். தலையைக் குனிந்துகொண்டே போய் பஸ் ஏறினார். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. இல்லாத செடியில் உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறேன். என் பிள்ளை இருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பானா?

நேற்றுக் கட்டையைப் பிடுங்கிவிட்டேன். டியூப்பைச் சுருட்டிக் கட்டி, டிரிப்பரில் அடைத்திருந்த உப்பை ஊசியால் எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் அப்பா திருக்கழுக்குன்றம் வருகிறார். இந்தக் கடிதத்தோடு அதையும் அவர் கையில் கொடுக்கிறேன். கடைசியாகக் காய்த்ததை அத்தை ஊறுகாய் போட்டாள், அந்த ஜாடியும் வருகிறது. செங்கல்பட்டுக்குப் போய் வேறு கன்று வை. கோபாலகிருஷ்ணனிடம் சரி என்று சொல்லு. நானும் அத்தையும் மனசாரச் சொல்கிறோம்.

செங்கல்பட்டு வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர் என்று உன் அப்பா சொன்னார். நல்ல தண்ணீருக்குக் கார்த்தியின் சட்டம் கிடையாது. அங்கே மழை பெய்தால் வால்வை மூடிவிடு அம்மா. ஒன்றும் ஆகாது.

பூவும் பொட்டுமாக நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
உன் மாமா
கோதண்டராமன்

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எங்கேயும் போவதில்லை.