பச்சைக்குப் பின்னால் கறுப்பு

போர்ட் பிளேர்
3-6-1976
சேசு மரி சூசை துணை

அன்புச் செல்வி,

சர்வேசுரன் தயவில் சுகம். நீயும், வயிற்றிலிருக்கும் நம் துரையும் சுகமா? துரையா ராணியா என்ற சண்டையை நீ பிரசவத்துக்கு இங்கே வந்ததும் வைத்துக்கொள்வோம்.

உன் பயத்துக்கு மருந்து வந்தாயிற்று. நம் குட்டி விமானத்தின் மூக்குக்குள் ரேடார் வைத்துவிட்டார்கள். என் முன்னால் ஒரு சின்னத் திரை. மழை பெய்யும் இடம் பச்சைத் திட்டாகத் தெரியும், மழை இல்லாத இடம் கறுப்பு. இனி மேகத்துக்குள் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரித் தடவ வேண்டாம். கறுப்பைப் பார்த்து நுழைந்து வெளியே வந்துவிடலாம்.

அடுத்த வாரம் மருந்துப் பெட்டிகளோடும், லீவு முடிந்து திரும்பும் உங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் லூசியோடும் வருகிறேன். நின்று பேச நேரம் இருக்காது. சோற்றைக் கட்டிக்கொண்டு ஓடுதளத்துக்கே வந்துவிடு.

உன்
மத்தியாஸ்


கார் நிக்கோபார்
12-6-1976

அன்புள்ள அத்தானுக்குத் தோத்திரம்.

இறங்கினீர்கள், சிரித்தீர்கள், தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டீர்கள். வழியில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லூசி சொல்லிவிட்டாள். "யக்கா, பிளேன் அப்படியே கீழ விழுந்துச்சு. மாதாவேன்னு கத்திட்டேன். அண்ணன் மொகத்துல ரத்தமே இல்ல." சிரிப்பு எனக்கு, உண்மை அவளுக்கு! நல்ல நியாயம்.

என் பயம் உங்களுக்குத் தெரியாது. இங்கே பெரிய ஆபரேஷன் கிடையாது. ஒரு கேஸ் மோசமானால் டாக்டர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், வயர்லெஸ் போடுங்க, பிளேன் மங்வா லோ, உடனே வரச்சொல்லுங்க" என்பார். செய்தியை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். கொட்டுகிற மழையில் உங்களைக் கூப்பிடுவது என் கை. எழுதி முடித்ததும், நோயாளி பிழைக்கவேண்டும் என்று ஜெபிப்பதா, நீங்கள் கிளம்பக்கூடாது என்று ஜெபிப்பதா எனத் தெரியாமல் நிற்கிறேன். சாமியாரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

எனக்கு ஒரு சத்தியம் வேண்டும். வழி சரியில்லை என்றால் திரும்பிவிடுங்கள். இங்கே யார் படுத்துக் கிடந்தாலும் சரி.

உங்கள்
ஞானசெல்வி


போர்ட் பிளேர்
19-6-1976

அன்புச் செல்வி,

லூசிக்கு வாய் நீளம், ஆனால் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு பச்சைத் திட்டுகளுக்குப் பின்னால் கறுப்பாகத் தெரிந்தது. வழி என்று நுழைந்தேன். வழி இல்லை, இடிமேகம். பிறகுதான் இன்ஜினியர் சொன்னார்: முன்னால் கனமழை இருந்தால் அது ரேடார் அலையை விழுங்கிவிடுமாம். அதற்குப் பின்னால் இருப்பது திரைக்கு எட்டாது. எட்டாததையும் அது கறுப்பாகவே காட்டும்.

உன்னிடம் மறைப்பானேன்? எனக்கே அந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. ஆனால் நீ வெயிலிலோ மழையிலோ சோற்றோடு நிற்பாய் என்ற நினைப்பில் அது வழியாகவே தெரிந்தது. வேறு யார் காத்திருந்தாலும் திரும்பியிருப்பேன்.

பனிமய மாதா மேல் ஆணை, இனி பச்சைக்குப் பின்னால் கறுப்பைக் கண்டால் திரும்பிவிடுவேன். நீ தாமதிக்காமல் அடுத்த கப்பலில் வந்து சேர்.

உன்
மத்தியாஸ்


கார் நிக்கோபார்
9-7-1976, காலை

அன்புள்ள அத்தான்,

இதை லூசியிடம் கொடுத்துவைக்கிறேன். கடல் கொந்தளிப்பில் கப்பல் வரவில்லை. விடிந்ததிலிருந்து எனக்கு உதிரம் போகிறது. உடனே போர்ட் பிளேரில் ஆபரேஷன் செய்தால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்கிறார் டாக்டர். எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன்! இன்று எனக்கான செய்தியை நானே சொல்ல, லூசி எழுதினாள்.

என் பெயர் வேண்டாம் என்றேன், பிள்ளைத்தாய்ச்சி என்றும் போடவேண்டாம் என்றேன். டாக்டருக்குக் கோபம். "பாகல் ஹோ க்யா சிஸ்டர், பைத்தியமா உங்களுக்கு? பேரைப் போட்டா உங்க வீட்டுக்காரர் எப்படியாச்சும் வந்துருவாரே!" என்றார். அந்த 'எப்படியாச்சும்'தான் எனக்குப் பயம். நான் கிடக்கிறேன் என்று தெரிந்தால் எந்தக் கறுப்பும் உங்களுக்கு வழியாகத் தெரியும். 'ஒரு நோயாளி, அவசர அறுவை' என்று மட்டும் போயிருக்கிறது.

பயமாக இருக்கிறது அத்தான். மழை நிற்கவே இல்லை. அதற்குள் விமானச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். வழி இருந்தால் சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்
செல்வி


போர்ட் பிளேர்
9-7-1976, மாலை

அன்புச் செல்வி,

இன்று உனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். உங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததும் கிளம்பினேன். லிட்டில் அந்தமானைத் தாண்டியதும் திரை முழுக்கப் பச்சை. அதற்குப் பின்னால், வா வா என்று கூப்பிடுவது போல ஒரு கறுப்பு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நுழைந்துவிடலாம் என்று கை பரபரத்தது. உன்னை நினைத்துக்கொண்டேன், திரும்பிவிட்டேன். இறங்கிய பிறகு வெட்கமில்லாமல் அழுதேன்.

அதன் பிறகு மழையில் வயர்லெஸும் கிடைக்கவில்லை. அங்கே படுத்திருப்பது யாரோ, எந்த வீட்டுப் பிள்ளையோ. வீட்டார் யாராவது வந்தால் என் சார்பில் ஒரு வார்த்தை சொல்லு. பைலட் மனசில்லாமல் திரும்பவில்லை, அவனைச் சபிக்கவேண்டாம் என்று சொல்லு.

நாளை வானம் வெளுத்ததும் வந்துவிடுகிறேன். அதுவரை அந்த உயிர் தாங்கிவிடும், இல்லையா? நீதான் பக்கத்தில் இருக்கிறாயே.

உன்
மத்தியாஸ்