நெல்மில் தெரு

ஜூலை 7, திங்கள்
பள்ளி மாற்றலில் கள்ளக்குறிச்சி கிடைத்தது. ஒன்பது வயது வரை வளர்ந்த நெல்மில் தெருவிலேயே வாடகைக்கு வீடும் அமைந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம்! வாடகை சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அடிபம்பைக் காணோம். ஆனால் தெரு திரும்பும் இடத்தில் நெல் அவியும் வாசனை அப்படியே இருக்கிறது.

ஜூலை 9
மாலை ஐந்துக்கு மில் சங்கு ஊதியது. அந்தக் காலத்தில் அது ஊதினால் விளையாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓட வேண்டும். இன்றும் கால்கள் தானாக எழுந்தன.

ஜூலை 10
வீட்டுக்காரர் அய்யப்பனிடம் சங்கைப் பற்றிச் சொன்னேன். ஒரு மாதிரி பார்த்தார். "எந்த மில்லு டீச்சர்? அத இடிச்சி மண்டபம் கட்டி பன்னெண்டு வருசம் ஆவுது."
அப்படியென்றால் வாசனை?

ஜூலை 14
எதிர்வீட்டில் கொளஞ்சி அத்தை இன்னும் இருக்கிறார், தனியாக. பாரதியின் அம்மா. ஒரு வாரமாக அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தேன். இன்று பிடித்துக்கொண்டார்.
"நீ இலக்கியாதான? எம்பொண்ணு கூடவே சுத்திக்கினு இருப்பியே!"
கையை விடவில்லை. பிறகு மெதுவாக, "அஞ்சு மணி சங்கு உனுக்கும் கேக்குதா?"
என் முகம் சொல்லியிருக்கும்.

ஜூலை 19
எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.
அன்று கண்ணாமூச்சி. கண்டுபிடிக்க வேண்டியவள் நான். மில்லுக்குப் பின்னால் நெல் ஊறப்போடும் தொட்டிகள். காலித் தொட்டி ஒன்றில் பாரதி இறங்கியதை விரலிடுக்கில் பார்த்துவிட்டேன். சங்கு ஊதியது. கூப்பிடாமல் வீட்டுக்கு ஓடினேன் — இன்னும் கொஞ்சம் உட்காரட்டும் என்று. இருட்டியதும் தெருவே தேடியது. "பாத்தியா கண்ணு?" என்று அத்தை கேட்டார். மில்லுக்குள் போனது தெரிந்தால் அப்பா தோலை உரிப்பார். "இல்ல" என்றேன்.
தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். கத்தியிருப்பாள். மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?
சின்ன வயசு, தெரியாம செஞ்சதுன்னு எத்தனை தடவை சொல்லிக்கிறது? 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா எனக்கு?

ஜூலை 20
அத்தையிடம் சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 24
அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு
காலையில் அத்தை என் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "வா, எந்த எடம்னு காட்டு."
ஆடி மாதம், கல்யாணம் இல்லை. வாட்ச்மேன் மண்டபத்தைத் திறந்துவிட்டார். தொட்டிகள் இருந்த இடம் இப்போது பந்திக் கூடம். ஒரு மூலையைக் காட்டினேன்.
"கூப்புடு," என்றார்.
"அத்தை..."
"இத்தினி வருசம் நான் கூப்ட்டுப் பாத்துட்டேன், வரல. அவ உனுக்காவதான ஒளிஞ்சிக்கினு இருக்கா. நீ கூப்புடு."
"பாரதி, நான் தோத்துட்டேன். வெளிய வா."
என் குரல் சுவரில் மோதித் திரும்பியது. அவ்வளவுதான். அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் தோளைத் தொட்டு, "போலாம்" என்றார்.
அவர் வீட்டில்தான் சாப்பாடு. என்னை உட்காரவைத்துத் தட்டுப் போட்டார். அப்புறம் வாசல் பக்கம் திரும்பி, "கால கழுவிக்கினு உள்ள வா," என்றார்.
நான் ஏற்கெனவே உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.