கிணறு வாராவாரம் வளருமா?

1974 ஜூலை 3, புதன்

புது டைம்டேபிள் ஒட்டிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின்னால் முதல் பீரியடு, வாரத்தில் நான்கு நாள், பி.ஏ. வரலாறு முதலாண்டு. பாடத்தின் பெயர் பொது அறிவியல். கலைப் பிரிவுப் பையன்களும் கொஞ்சம் இயற்பியல் தெரிந்துகொள்ளட்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு வருடம் சோதனை பார்க்கிறதாம். பிப்ரவரியில் கமிட்டி வந்து பார்த்துவிட்டு, வைக்கலாமா எடுக்கலாமா என்று சொல்லும்.

எங்கள் துறையில் யாரும் கை தூக்கவில்லை. நானும்தான். துறைத் தலைவர் தங்கசாமி என்னைப் பார்த்து, "நீங்கதான் சார் பொறுமையான ஆளு" என்றார். எதிர்த்துப் பேசத் தெம்பில்லாதவன் என்பதை அவர் இப்படி மரியாதையாகச் சொல்வார். பதினேழு வருட சர்வீஸில் இந்தப் பொறுமைக்காரப் பட்டம் ஒன்றுதான் மிச்சம்.

வகுப்பு நடக்கும் இடம் முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி. தகரக் கூரை. இரண்டு மணி வெயிலில் நியூட்டனே வந்தாலும் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்.

ஜூலை 9

முப்பத்துநான்கு பேரில் பதினெட்டுப் பேர் தூங்கினார்கள். எண்ணினேன்.

ஜூலை 18, வியாழன்

ஸ்டாஃப் ரூமில் அப்துல் பாரி வந்து உட்கார்ந்தார். அந்தப் பையன்களுக்கு வரலாறு எடுப்பவர். "ஒங்க வகுப்புல தூங்கி முடிச்சிட்டுத்தான் சார் என் வகுப்புக்குத் தெளிவா வர்றானுக, ரொம்ப நன்றி" என்றார். கோபம் வரவேண்டும். சிரிப்புதான் வந்தது.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து எடுப்பது. கிணற்றில் தொடங்குவது. இந்தச் சீமையில் கண்மாயும் கிணறும் யார் வெட்டினார்கள், யார் இறைத்தார்கள், யாரைக் கிட்டே விடவில்லை - இதை அவர் அரை மணி பேசுவார். அந்தக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டால் எத்தனை செகண்டில் தண்ணீரைத் தொடும், அதை வைத்து ஆழம் எப்படிச் சொல்வது - இது என் அரை மணி.

செய்து பார்ப்போம். இதைவிட மோசமாகப் போக வழியில்லை.

ஜூலை 30

லேபில் ஆறு ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. ஒன்று கேட்டேன். "ஆர்ட்ஸ் பயலுக கையிலயா? திரும்பி வரும்போது முள்ளு இருக்காது" என்று பீரோவைப் பூட்டிவிட்டார் தங்கசாமி.

சரி. பையன்களில் பாதிப் பேர் வீட்டில் தறி இருக்கிறது. நூலுக்கா பஞ்சம்? கால் மீட்டர் நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அரை செகண்டு. ஆளுக்கு ஒரு கடிகாரம், செலவில்லாமல். முப்பத்துநான்கு நட்டும் கிட்டங்கியில் ஒன்றாக ஆடியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யாரும் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஞாயிறுதோறும் அவரவர் ஊர்க் கிணற்றில் கல் போட்டு, நூலில் நேரம் பார்த்து, ஆழம் கணக்கிட வேண்டும். செகண்டை அதாலேயே பெருக்கி, பதினாறால் பெருக்கினால் அடி. பக்கத்தில் கயிறு விட்டு அளந்த அளவும் எழுத வேண்டும். தண்ணீர் மட்டம் வரைக்கும்.

எம்.ரெட்டியபட்டிப் பையன் ஒருவனைக் கிணற்றடியில் ஒரு அம்மா விரட்டியிருக்கிறது. "கிணத்துல கல்லத் தூக்கிப் போடுறதுக்கா ஒன்னைய ஆயிரம் மொடக்கிக் காலேசுக்கு அனுப்பிருக்காக?" நியாயமான கேள்வி. வகுப்பே சிரித்தது. நானும்.

இப்போதெல்லாம் ஒன்றரை மணியிலிருந்தே இரண்டு மணி ஆகிவிட்டதா என்று பார்க்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 27

முதல் நோட்டுகள் வந்தன. கர்மம். கயிறு நாற்பத்தெட்டு அடி என்கிறது, கல் முப்பத்தாறு என்கிறது. இன்னொருவனுக்குக் கயிறு ஐம்பது, கல் அறுபத்துநான்கு.

தங்கசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "கமிட்டிக்காரவுக இதப் பாத்தா வயித்தப் பிடிச்சுச் சிரிப்பாக சார்" என்றார். எரிச்சல். வகுப்பில் போய்க் கத்தினேன். கல்லுக்கும் கயிற்றுக்கும் ஐந்தடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பத்துக்கு மூன்று மார்க்தான் என்று.

செப்டம்பர் 10

எல்லாம் சரியாகிவிட்டது! கயிறு 48, கல் 47. கயிறு 52, கல் 50. கண்டித்தால் வேலை நடக்கிறது. பாரியிடம் காட்டினேன். "அடேயப்பா" என்றார்.

தண்ணீர் லாரி வரவில்லை. என் வீட்டுக்காரி சண்முகவடிவு இரண்டு குடத்தோடு மூன்று தெரு தள்ளிப் போய் நின்றிருக்கிறாள். "ஏங்க, ஒங்க காலேஜுல பைப்புல வருதா?" என்று கேட்டாள். கவனிக்கவில்லை என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

முப்பத்துமூன்று நோட்டு ஒழுங்கு. வெள்ளத்துரை மட்டும் மானத்தை வாங்குகிறான். பரளச்சிப் பையன், கடைசி பெஞ்சு, பேசவே மாட்டான். நான்கு வாரத்துக் கயிறு 42, 45, 49, 54. கல் 36, 36, 36, அடுத்த வாரம் திடீரென்று 64. ஒரே கிணறு! போதாக்குறைக்கு யாரும் கேட்காத ஒரு பத்தி வேறு போட்டிருக்கிறான் - "சத்தம்" என்று. சளக், சளக், சொத், தொப்.

சிவப்பு மையில் எழுதினேன்: "கிணறு வாராவாரம் வளருமா?" மூன்று மார்க்.

நோட்டை வாங்கிக்கொண்டு நின்றான். "சத்தம் மாறிருச்சு சார்" என்றான். "மொதல்ல கணக்கு மாறட்டும், போ" என்றேன். நோட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனான். வகுப்பு சிரித்தது. எனக்கு இந்த மாதிரிப் பதில் எல்லாம் டக்கென்று வரும்.

நவம்பர் 4

வெள்ளத்துரை ஒரு வாரமாக வரவில்லை.

நவம்பர் 18

ஐப்பசியும் முடிந்துவிட்டது. ஒரு பொட்டு மழை இல்லை. தீபாவளிக்குக்கூட லாரித் தண்ணீரில்தான் குளியல். வெள்ளத்துரை இன்னும் வரவில்லை. அட்டெண்டன்ஸ் போய்விடும், பரீட்சை எழுத முடியாது. போய்ப் பார்ப்போம் என்கிறார் பாரி. எனக்கு அலைய முடியாது என்றேன். "நீங்க வரலேன்னா நான் போறேன்" என்றார். பாரியின் இந்தக் குணம்தான் எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 24, ஞாயிறு

போனோம். இதை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதுகிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடை. இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது, கால் நுழையும் அளவுக்கு. பையன் வீட்டில் இல்லை. பஞ்ச நிவாரணத்துக்குக் கண்மாயில் மண் வெட்டப் போயிருக்கிறான். அவன் அம்மா ஆவுடைத்தாய்தான் புஞ்சைக்குக் கூட்டிப்போனது.

கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் சேறுகூட இல்லை. பாறை.

"ஐப்பசி பொறக்கையிலேயே சொல்லிட்டான்யா. வாரம் நாலடி அஞ்சடி எறங்குது, கல்லுச் சத்தமும் தண்ணிச் சத்தமா இல்ல, இந்தக் கெணறு நிக்காதுன்னான். காலேசுல அளக்கச் சொல்லிக் குடுத்திருக்காகன்னு. அதான் மொளகா நாத்து நடல. அந்தா, பக்கத்துப் புஞ்சையப் பாருங்க - நட்டுட்டு, எல்லாம் கருகிக் கெடக்கு. ஒங்க புண்ணியம்யா" என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டது.

என்னையா! மூன்று மார்க் போட்டவனை. கிணறு வளருமா என்று கேட்டவனை. ஏன்டா, உனக்கு வெட்கமாக இல்லை?

கண்மாயில் அவனைப் பார்த்தோம். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். மார்க்கைத் திருத்திவிடுகிறேன், நாளைக்கே வா என்றேன். "பரவால்ல சார். மாசி வரைக்கும் இங்க வேலை இருக்கு. அப்பாவால ஒத்தையா முடியாது" என்றான். கோபமே இல்லை அவன் பேச்சில். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 25

காலையில் முப்பத்துமூன்று நோட்டையும் மேஜையில் பரப்பிப் பார்த்தேன்.

தாலுகாவே வறண்டு கிடக்கிறது. என் பெண்டாட்டி குடத்தோடு தெருத்தெருவாக அலைகிறாள். என் வகுப்பு நோட்டில் மட்டும் செப்டம்பரிலிருந்து ஒரு கிணற்றிலும் தண்ணீர் குறையவே இல்லை. வரிசையாக டிக் அடித்திருக்கிறேன்.

இன்னொன்று. அரை செகண்டு நூலை வைத்து எண்ணினால் விடை 16 வரும், 36 வரும், 64 வரும், 100 வரும். இடையில் எதுவும் வராது. 47 எப்படி வந்தது? கிணற்றுப் பக்கமே போகாமல், பழைய கயிற்றுக் கணக்கை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எழுதினால்தான் வரும். எம்.எஸ்ஸி. படித்தவன், இதைப் பார்க்கத் தெரியவில்லை. இல்லை - பார்க்கப் பிடிக்கவில்லை. வெள்ளத்துரையின் 36-ம் 64-ம்தான் அந்த நூலால் வரக்கூடிய விடை. பக்கத்திலேயே கயிறு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கும் பக்கத்தில் சத்தம்.

பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பி.எஸ்ஸி. படிக்கும்போது ஊசல் சோதனையில் புவியீர்ப்பு 980 வரவேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு, அப்புறம்தான் ஊசலைத் தொடுவோம். இன்றுவரை எங்கள் லேபில் அதுதான் வழக்கம். தங்கசாமி போர்டிலேயே எழுதிப் போட்டுவிடுவார். அந்த வியாதி தெரியாமல் வந்த பையன்களுக்கு அதை ஒட்டவைத்தது நான்.

டிசம்பர் 3

வகுப்பில் சொன்னேன், எல்லாரும் முதலிலிருந்து அளக்க வேண்டும், என்ன வருகிறதோ அதை எழுத வேண்டும், சத்தத்தையும் எழுத வேண்டும் என்று. ஐயாத்துரை எழுந்தான். "நெசமாவே கிணத்துல தண்ணி இல்லேன்னா என்ன சார் எழுத?" "தண்ணி இல்லேன்னு எழுதுடா."

1975 ஜனவரி 21

புது நோட்டுகள். கோணல்மாணல். பதினொரு கிணற்றில் தண்ணீர் இல்லை. பாரி அதை எல்லாம் ஒரு தாலுகா படத்தில் குறித்து, எந்தக் கண்மாய்க்குக் கீழே எது முதலில் வற்றியது என்று காட்டினார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பதினேழு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வகுப்பு வாய்த்ததில்லை.

இது போய்விடக் கூடாது. போன ஜூலையில் எப்படியாவது வருடத்தைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

தங்கசாமி தனியாகக் கூப்பிட்டார். "கமிட்டி முன்னால பழைய நோட்ட வைங்க. பாடம் தங்கும். புதுச வச்சா மூடிருவாக. யோசிச்சுக்கோங்க, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நல்லதுக்குத்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை.

பிப்ரவரி 12, புதன்

கமிட்டி வந்தது. மூன்று பேர். நேற்று முழுக்க யோசித்தேன். பழையதை மட்டும் வைக்கலாம் என்றுதான் கையில் எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளத்துரை நோட்டு இருந்தது. எப்படி அங்கே வந்தது? நான்தான் வைத்திருக்க வேண்டும்.

பழையது, புதியது இரண்டையும் மேஜையில் வைத்தேன். பழையது பொய், அதற்குக் காரணம் நான், புதியது மெய் என்றேன். கண்ணாடிக்காரர் ஒருவர் புதிதைப் புரட்டிவிட்டு, "பிழை எத்தனை சதவீதம்?" என்றார். இருபத்தைந்து, சில இடத்தில் முப்பது என்றேன். "இதென்ன, சத்தம்?" விளக்கினேன். பாரியும் படத்தை விரித்து விளக்கினார். ஒருவர் நன்றாகத்தான் கேட்டார். மற்ற இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

மார்ச் 19

கடிதம் வந்துவிட்டது. "மாணவர்களின் செய்முறைப் பதிவுகள் நம்பத்தகுந்தவை அல்ல என்பதைப் பொறுப்பாசிரியரே ஒப்புக்கொண்டதால், இப்பாடம் வரும் கல்வியாண்டு முதல் நிறுத்தப்படுகிறது."

தங்கசாமி காப்பி வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 8

வெள்ளத்துரை பெயரை ரிஜிஸ்தரில் அடித்துவிட்டார்கள். நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்று மிஞ்சியது.

ஜூலை 2

பி.எஸ்ஸி. முதலாண்டு, ஊசல். போர்டில் 980 இருந்தது. அழித்தேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானத்துக்குள் யாரோ திரும்ப எழுதியிருந்தார்கள்.

ஆகஸ்ட் 20

இரண்டு மணிக்குக் கிட்டங்கிப் பக்கம் போனேன். சும்மாதான். பழைய பெஞ்சுகளை அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். களைப்பாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

நான்கு நாளாக நல்ல மழை. தெருவில் தண்ணீர் ஓடுகிறது. சண்முகவடிவு எல்லாப் பாத்திரத்தையும் முற்றத்தில் வைத்துவிட்டாள்.

காலேஜ் முகவரிக்கு ஒரு கார்டு வந்திருந்தது. நலம் விசாரிப்பு ஏதும் இல்லை. இவ்வளவுதான்:

"பரளச்சி. 9-11-75 ஞாயிறு. கயிறு 41. கல் 36. சத்தம் சளக். - வெள்ளத்துரை."

நோட்டை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே அப்படியே எழுதிக்கொண்டேன். கல்லுக்கும் கயிற்றுக்கும் ஐந்தடி வித்தியாசம். திருத்தவில்லை.